மதர் போயிடுச்சு

புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டதாகச் செய்தி பரவியது. பரப்பியவர் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் தன் தொழில் பாஷையில் பேசினார், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அந்த நேரத்தில் ஏதோ ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி உட்கார்ந்து கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பாக்கெட்டில் போன் அடித்தது.

"சார், உங்க வீட்லேர்ந்துதான் பேசறேன். மதர் போயிடுச்சு சார்."

"என்னது?"

"மதர் சார். காலையிலேயே போயிருக்கும்போல. நான் வந்து தொட்டுப் பார்த்தேன், ஒரு அசைவும் இல்ல. பழசுதானே சார், எத்தனை வருஷம்தான் தாங்கும்? கவலைப்படாதீங்க, வேற மதர் போட்டுக்கலாம்."

பெற்ற தாய் போய்விட்டாள் என்ற இடி ஒரு பக்கம். அதைவிட அந்தப் 'போயிடுச்சு' அவரைச் சுட்டது. "போயிட்டாங்கன்னு சொல்ல உனக்கு வாய் வராதாய்யா? அவங்க என்ன ஆடா, மாடா?" என்று கத்திவிட்டு, லிஃப்ட் மெக்கானிக் ஒன்பது மாடியையும் படியிலேயே ஓடி இறங்கினார். இறங்கும்போதே தங்கைக்குப் போன் போட்டு அழுதார். தங்கை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். போட்டிருந்த பச்சைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வண்டி பிடித்து வந்து சேர்ந்தாள்.

அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே அம்மா கூடத்து நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னடா, ரெண்டு பேரும் இப்படி மூச்சு வாங்கறீங்க? யாரு செத்தது?"

மகன் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். "விடுடா, கிரீஸ் கை! புடவை பூரா ஆச்சு!" என்று அம்மா கத்தினாள்.

இத்தனை அமளியிலும் ஒரே ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் இந்த வீட்டு மருமகள். உள்ளறையில் தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் போட்டிருந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கம் விசாரிக்க வேண்டுமென்றால் அவளைத்தான் விசாரித்திருக்க வேண்டும்.

அவள் துணி கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு சட்டைக்குக் கழுத்து எவ்வளவு, தோள் எவ்வளவு, கை எங்கே வளைய வேண்டும் என்று அட்டையில் வரைந்து வெட்டித் தருவாள். அதை வைத்துத்தான் ஆயிரம் சட்டை வெட்டுவார்கள். பதினெட்டு வருடமாக அதே வேலை. கம்பெனியில் எல்லோருக்கும் அவள் மாஸ்டரம்மா. நாமும் அப்படியே கூப்பிடலாம்.

இப்போது அட்டையை எடுத்துவிட்டார்கள். இனி பேட்டர்ன் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். இருக்கும் மாஸ்டர்கள் மூன்று பேர், வைத்துக்கொள்ளப் போவது ஒருவரை. மேனேஜர் மூன்று பேருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார், ஒரு முழுக்கைச் சட்டையை ஆறு அளவில் வரைந்து சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும் என்று. அந்த மென்பொருள் ஓட ஒரு யூஎஸ்பி சாவி வேண்டும். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். பழகிக்கொள்ள ஆறு மாதம் முன்பே ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். இப்போது, "தேர்வாகாதவங்க திங்கட்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டு லைன்ல போய்த் தைக்க உட்காருங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

லைனில் உட்காருவது என்றால் நாள் முழுக்கக் குனிந்து ஒரே தையல். மாஸ்டரம்மாவின் வலது தோள் ஏற்கெனவே கையைத் தூக்கினால் நெறுக்கென்று சொல்லும். உட்கார்ந்தால் ஆறு மாதம் தாங்காது என்று அவளுக்கே தெரியும். அதனால்தான் ஆறு மாதமாக வீட்டுக் கம்ப்யூட்டரில் மென்பொருளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினாள். சட்டை முக்கால்வாசி முடிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது.

ரிப்பேர்காரர் அவளுக்கும் விளக்கம் சொல்லியிருந்தார். "டிஸ்க் நல்லா இருக்கும்மா, உங்க வேலை எல்லாம் பத்திரம். பிராசஸர் நல்லா இருக்கு, ரேம் நல்லா இருக்கு. மதர்போர்டு மட்டும்தான். பாருங்க, இந்தக் குட்டி டப்பா ரெண்டும் உப்பிப்போச்சு. நான் இன்னைக்கு ஊருக்குக் கிளம்பறேன். பத்து நாள்ல வந்து மாத்தித் தர்றேன்."

பத்து நாள்! சனிக்கிழமைக்கு இருந்ததே மூன்று நாள்.

"போனா போகுது, விடு" என்றார் வீட்டுக்காரர், அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மேனேஜர்கிட்ட நிலைமையைச் சொல்லு. அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

"அடுத்த தடவைன்னு ஒண்ணு இல்லைங்க. நாற்காலி ஒண்ணுதான்."

"பிரௌசிங் சென்டர்ல போய்ப் பண்ணேன்."

"அங்க எதையும் இன்ஸ்டால் பண்ண விடமாட்டான். இதை நானே மாத்தறேன்."

"நீயா?"

"நானேதான். மனுஷன் பூட்டினதைத்தானே மனுஷன் கழட்டறான்? நாளைக்கு லீவு போடுங்க, கடைக்குப் போகணும். சுமந்துட்டு வர ஆள் வேணும்."

லிஃப்ட் மெக்கானிக் என்றால் எதையும் பிரித்து மாட்டுவார் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. கட்டைவிரலைவிடச் சின்னதாக எது இருந்தாலும் அவருக்குக் கை நடுங்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

அன்று மதியமே அவள் பழைய போர்டைக் கழற்றினாள். ஒவ்வொரு ஒயரைப் பிடுங்குவதற்கு முன்னும் போனில் ஒரு படம், ஒயரிலும் ஒரு துண்டுச் சீட்டு. ஒன்பது திருகாணி வந்தது. டப்பா மூடியில் போட்டாள். பிறகு ஒரு வேலை செய்தாள் பாருங்கள், கம்ப்யூட்டர் கடைக்காரன் எவனும் செய்திருக்க மாட்டான். பழுப்பு பேட்டர்ன் காகிதத்தை விரித்து, செத்துப்போன போர்டை அதன்மேல் வைத்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்தாள். திருகாணி ஓட்டை ஒன்பதையும் குறித்தாள். பிராசஸர் உட்காரும் இடம், பின்பக்க ஒயர் சொருகும் வாசல், எல்லாம் அளவோடு. கடைசியில் பிராசஸரின் முதுகில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைப் படித்துக் காகிதத்தின் மூலையில் எழுதினாள்.

அத்தை வந்து எட்டிப் பார்த்தாள். "இதுதான் போன மதரா?"

"ஆமா அத்தை."

"இதுக்கா என் பிள்ளை அந்த அழுகை அழுதான்? நான் நிஜமாப் போனா இதுல பாதியாவது அழுவானான்னு பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு பீன்ஸை எடுத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை காலை கடைத்தெரு. முதல் கடையில் கழுத்தில் அட்டை மாட்டிய விற்பனையாளர் ஒருவர் ஓடிவந்தார். கேள்வி கேட்டது மாஸ்டரம்மா. பதில் சொன்னது வீட்டுக்காரரைப் பார்த்து.

"சார், எந்த கேம் விளையாடுவீங்க?"

"நான் எங்கே விளையாடறேன், எனக்கு மூணு அக்கா பொண்ணு கல்யாணம், மூணு லிஃப்ட்டு..." என்று அவர் உளற ஆரம்பித்ததும் மாஸ்டரம்மா நடுவில் வந்து நின்றாள்.

"இங்கே பாருங்க தம்பி. வாங்கறது நான். இந்த எண் பிராசஸருக்கு ஏத்த போர்டு வேணும்."

அவர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே கறுப்புப் பலகை. ஓரமெல்லாம் கண்ணாடிப் பட்டை. "இதுல பதினாறு கலர்ல லைட் எரியும் மேடம்."

"எங்க ரூம்ல டியூப் லைட் இருக்கு. பிராசஸர் உட்காருமா?"

"அதே சாக்கெட்தான் மேடம். கண்ணை மூடிட்டு வாங்குங்க."

கண்ணை மூடச் சொன்னால் அவள் இன்னும் அகலமாகத் திறப்பாள். அதுதான் அவள் சுபாவம். போனை எடுத்து, பெட்டியில் இருந்த மாடல் பெயரைப் போட்டு, அந்தப் போர்டைச் செய்தவர்களின் பக்கத்தைத் திறந்தாள். எந்தெந்தப் பிராசஸர் ஓடும் என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. விரலால் தள்ளித் தள்ளிக் கீழே வந்தாள். மறுபடி மேலே போனாள். அவள் எண் இல்லை.

"லிஸ்ட்ல இல்லையே."

"சாக்கெட் ஒண்ணுதான் மேடம். உட்காரும்."

"உட்காரும், சரி. ஓடுமா?"

அவர் மறுபடி வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

"தம்பி, சட்டைக்குள்ள கை போயிட்டா சட்டை சரியா இருக்குன்னு அர்த்தமா? தோள் உட்கார வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிவிட்டாள்.

இரண்டாவது கடையிலும் அதே கதை. மூன்றாவது கடை ஒரு சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எதையோ சுட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். எண்ணைப் பார்த்தார். பேசாமல் எழுந்து, ஏணியில் ஏறி, மேல்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கினார்.

"இது ரெண்டு வருஷத்துப் பழைய ஸ்டாக். ஆனா சீல் பிரிக்காதது. உங்க பிராசஸருக்கு இனி புதுசா யாரும் செய்ய மாட்டாங்க. எங்கிட்ட இதுதான் கடைசி."

மாஸ்டரம்மா முதலில் பட்டியலைப் பார்த்தாள். எண் இருந்தது. பழைய ரேம் பொருந்துமா என்று பார்த்தாள். பொருந்தும். பிறகு பழுப்புக் காகிதத்தை மேஜைமேல் விரித்து, "இதுமேல வச்சுக்காட்டுங்க" என்றாள். கடைக்காரர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். முப்பது வருடத்தில் மதர்போர்டுக்கு அளவுத் துணி கொண்டுவந்த வாடிக்கையாளரை அவர் கண்டதில்லை.

போர்டு இரண்டரை இஞ்ச் குட்டை. மேலே பாதி அச்சாகப் பொருந்தியது. கீழ்வரிசை ஓட்டைகள் தள்ளி இருந்ததுதான் கண்ணில் பட்டது.

"குட்டையா இருந்தா பரவாயில்லைம்மா. பெட்டியில இதுக்கும் இடம் இருக்கும், 'எம்'னு போட்டிருக்கும் பாருங்க. போர்டு நிக்கறதுக்கு அடியில பித்தளைக் கால் இருக்கும்ல? கீழ்வரிசைக் காலைக் கழட்டி அங்கே மாத்திக்கங்க" என்றார். சொல்லிவிட்டு மறுபடி கண்ணாடியை இறக்கிக்கொண்டார். இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வெட்டு மேஜையைத் துடைத்து, மேலே ஒரு துணியும் விரிக்காமல், வெறும் மரத்தில் போர்டை வைத்தாள். கைகழுவி, ஈரம் போகத் துடைத்து, உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கப் பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் வேலைக்குப் போகும் முன் வாசற்படியில் நின்று, "ஜாக்கிரதை" என்றார். "நீங்க அந்தப் பக்கம் போனாலே எனக்குப் பாதி ஜாக்கிரதை வந்துடும்" என்று அனுப்பிவைத்தாள்.

பிராசஸர் உட்காரும் குழியில் மயிரிழை மாதிரி ஆயிரம் கம்பி. ஒன்று வளைந்தாலும் போச்சு. பிராசஸரின் மூலையில் ஒரு பொடி முக்கோணம்; குழியின் மூலையிலும் ஒரு முக்கோணம். ஓரத்தில் இரண்டு சின்ன வெட்டு. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "அட, நாட்ச்!" என்றாள் உரக்க. கையையும் உடம்பையும் சேர்த்துத் தைக்கும்போது எது எதோடு சேர வேண்டும் என்று காட்ட அவள் ஆயிரக்கணக்கில் போட்ட அதே வெட்டு. இதை வைக்கவா அவளுக்குச் சொல்லித்தர வேண்டும்? வைத்தாள், விழுந்த இடத்தில் பதவிசாக உட்கார்ந்தது. கொக்கியை அழுத்தும்போது கறுக்கென்று ஒரு சத்தம் வந்து உயிர் போய் வந்தது, அது வரத்தான் செய்யும் என்று படித்திருந்தும்.

அதன்மேல் பட்டாணி அளவுக்குச் சூட்டைக் கடத்தும் பசை, பசைமேல் காற்றாடி. ரேமிலும் நாட்ச் இருந்தது. பெட்டியின் பின்பக்க வாசலுக்கு மெல்லிசான தகட்டை முதலில் அழுத்தினாள். பிறகு கீழ்வரிசையில் இருந்த மூன்று பித்தளைக் காலையும் கழற்றி 'எம்' என்று இருந்த இடத்தில் மாட்டினாள். மேலே ஏற்கெனவே ஆறு. ஆக ஒன்பது.

போர்டை எடுத்து வைக்கும் முன் ஓட்டைகளை எண்ணினாள். எட்டுதான் இருந்தது. நடு வரிசையில் ஒரு காலுக்கு நேராகப் போர்டில் ஓட்டையே இல்லை.

இங்கேதான் பதினெட்டு வருடத் தொழில் வந்து குறுக்கே நின்றது. காஜா ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பட்டன் இருக்க வேண்டும். எந்த இடத்தையும் வெறுமனே விடக்கூடாது. பட்டன் இல்லாத காஜாவைப் பார்த்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஒன்பது இடம் இருக்கிறது, ஒன்பது காலும் இருக்கட்டும். திருகாணிதானே போட முடியாது? சும்மா அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கட்டும். காலர் துணிக்குள் கேன்வாஸ் வைப்பதில்லையா, அந்த மாதிரி. மனசுக்குத் திருப்தியாக இருந்தது. எட்டுத் திருகாணியை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்கினாள். ஒயர்களைச் சீட்டுப் பார்த்துச் சொருகினாள். தகட்டை மூடினாள். பெருமையோடு ஸ்விட்சைத் தட்டினாள்.

காற்றாடி அரைச் சுற்றுச் சுற்றியது. நின்றது. மறுபடி தட்டினாள். ஒரு துடிப்பு, அவ்வளவுதான்.

"என்ன, புது மதரும் போயிடுச்சா?" என்றாள் அத்தை கூடத்திலிருந்து.

மாஸ்டரம்மா ரேமைக் கழற்றி மாட்டினாள். துடிப்பு. பிராசஸருக்குப் போகும் தனி ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள். துடிப்பு. டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தாள், முன்பக்க ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், அரை மணி நேரம் சும்மா விட்டுப் பார்த்தாள். மணி மூன்றாகிவிட்டது. மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. கடைசி ஸ்டாக் என்று சொன்னாரே அந்த மனுஷர். நானே என் கையால் எரித்துவிட்டேனா? திங்கட்கிழமை சாவியை நீட்டிவிட்டு, பதினெட்டு வருடமாக என்னிடம் அட்டை வாங்கிப்போன பிள்ளைகள் நடுவில் போய் மிஷினில் உட்கார வேண்டுமா? கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு திரும்பவும் திருப்புளியை எடுத்தாள்.

நாலரைக்கு நாத்தனார் வந்தாள். காலை ஷிப்ட் முடிந்து, அம்மா உயிரோடு இருப்பதை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று. அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். தரையில் கிடந்ததைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாது அண்ணி. ஆனா ஒண்ணு கேக்கறேன். எண்ணிட்டு மூடினீங்களா?"

"எதை எண்ண?"

"எல்லாத்தையும்தான். நாங்க வயித்தைத் தைக்கறதுக்கு முன்னாடி கத்தி, கத்தரி, பஞ்சு எல்லாம் எண்ணுவோம். உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனைன்னு. டாக்டர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் நான் கணக்கு சரின்னு சொல்லாம ஊசியைத் தொட முடியாது." டப்பா மூடியை இழுத்துப் பார்த்தாள். "இந்தத் திருகாணி யாரோடது?"

"அது மீதி."

"மீதியா?" நர்ஸுக்கு முகம் மாறிவிட்டது. "மீதின்னு ஒண்ணு கிடையாது அண்ணி. வெளியே ஒண்ணு மீதி இருந்தா உள்ளே ஏதோ ஒண்ணு தனியா நிக்குது. எத்தனை கால் வச்சீங்க?"

"ஒன்பது."

"திருகாணி?"

"எட்டு. ஒண்ணுக்கு ஓட்டை இல்ல. சும்மா முட்டுக்கு..."

சொல்லும்போதே மாஸ்டரம்மாவுக்கு உறைத்துவிட்டது. போர்டின் பின்பக்கம் பூராவும் ஈயப் புள்ளிகள். கரண்ட் ஓடும் புள்ளிகள். ஓட்டை இருக்கிற இடத்தில் சுற்றிலும் வெற்றிடம் விட்டிருக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் புள்ளிதானே இருக்கும்? அந்தப் புள்ளிமேல் பித்தளையை நட்டு வைத்திருக்கிறாள். பித்தளை பெட்டியில் நிற்கிறது. பெட்டி முழுக்க இரும்பு. ஸ்விட்சைத் தட்டினால் ஷார்ட் ஆகாமல் என்ன செய்யும்?

"அடிப்பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். "பட்டன் வைக்கற புத்தி என்னை விட்டு எங்கே போகும்!"

எட்டுத் திருகாணியும் கழன்றது. போர்டை நாத்தனார் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள், பிறந்த குழந்தையைப் பிடிப்பதுபோல. மாஸ்டரம்மா அந்த ஒன்பதாவது காலைத் திருகி எடுத்து, மூடியில் மீதித் திருகாணியின் பக்கத்தில் போட்டாள். மறுபடி போர்டு, மறுபடி எட்டு. நாத்தனார் விரல் மடக்கி எண்ணினாள்: "உள்ளே கால் எட்டு, திருகாணி எட்டு. வெளியே கால் ஒண்ணு, திருகாணி ஒண்ணு. கணக்கு சரி. மூடுங்க டாக்டர்."

ஸ்விட்சைத் தட்டும்போது மாஸ்டரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக.

காற்றாடி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பீப் என்று ஒரு சத்தம். திரையில் வெள்ளை எழுத்து வந்தது. தேதி மட்டும் எந்தக் காலத்திலோ நின்றது. அதைச் சரி செய்தாள். பழைய டிஸ்க் புது வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, ஒருமுறை அணைந்து எழுந்து, கடைசியில் அவளுடைய திரையைக் காட்டியது. சாவியைச் சொருகினாள். சட்டை வந்தது, விட்ட இடத்தில் விட்டபடியே. இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு குதித்ததில் அத்தை கூடத்திலிருந்து, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தாள். காலர், கஃப், ஆறு அளவு, எல்லாம் பத்தேகாலுக்கு முடிந்தது. கடைசியாக முன்பக்கக் காஜாக் குறிகளை மேனேஜர் கொடுத்த தாளோடு ஒப்பிட்டாள். தாளில் பட்டன் ஆறு. அதே தாளிலேயே காஜாக் குறி ஏழு.

நேற்றுவரை என்றால் யோசித்திருக்கவே மாட்டாள். ஏழாவதாக ஒரு பட்டனை வைத்து, மனசுக்குத் திருப்தியாக அனுப்பியிருப்பாள். இப்போது கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. பட்டன் ஆறு, காஜா ஏழு. கணக்கு சரியில்லை. இந்த ஏழாவது யாரோடது?

போனை எடுத்தாள். சனிக்கிழமை, தேர்வு நாள், மேனேஜரிடம் சந்தேகம் கேட்டால் தெரியாதவள் என்று நினைக்க மாட்டார்களா? நினைக்கட்டும்.

"மேடம், தாள்ல பட்டன் ஆறு, காஜா ஏழு போட்டிருக்கு. எது சரி?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். பிறகு மேனேஜரின் குரல், கொஞ்சம் இறங்கி வந்தது. "ஐயையோ. அது பழைய சட்டைத் தாள்ல இருந்து அப்படியே வந்துடுச்சு மாஸ்டரம்மா. கீழே இருக்கறதை எடுத்துடுங்க. நல்ல வேளை கேட்டீங்க, இதே தாள்தான் ஆர்டர் வெட்டுக்கும் போயிருக்கு. நான் உடனே நிறுத்தச் சொல்றேன்."

ஏழாவதை எடுத்தாள். பதினொன்றுக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் மேஜையைத் துடைத்தாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். அத்தை சாப்பாடு போட்டுக் கொண்டுவந்து வைத்து, "இதைச் சாப்பிடலைன்னா நானே அந்த ஸ்விட்சைப் பிடுங்கிடுவேன்" என்று மிரட்டிச் சாப்பிட வைத்தாள்.

மூன்று மணிக்குப் போன் வந்தது. மேனேஜர்.

"மாஸ்டரம்மா, மூணு பேரோடதும் பார்த்துட்டோம். வரைஞ்சதுல பெரிசா வித்தியாசம் இல்ல. ஆனா மத்த ரெண்டு பேரும் ஏழாவது காஜாவுக்கு ஒரு பட்டனை வச்சு அனுப்பியிருக்காங்க. திங்கட்கிழமை சாவியைக் கொண்டுவர வேண்டாம். அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

போனை வைத்ததும் மாஸ்டரம்மா கம்ப்யூட்டர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் "சொல்லு" என்றதும் தேம்பல்தான் வருகிறது, பேச்சு வரவில்லை.

"ஏங்க... மதர்... மதர்..."

"ஐயோ! என்ன ஆச்சு? எந்த மதர்? ஏய், அழாமச் சொல்லு! இதோ, இறங்கிட்டேன், வந்துட்டே இருக்கேன்!" படியில் தடதடவென்று காலடிச் சத்தம் போனிலேயே கேட்டது.

அத்தை வந்து மருமகளின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். இன்னொரு கையால் அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"டேய், ஓடாதே, நில்லு. உன் பெண்டாட்டி ஜெயிச்சுட்டா, அதான் அழறா. ரெண்டு மதரும் நல்லாத்தான்டா ஓடிட்டிருக்கு."